கண்ணுக்கு மட்டும் எழுத்தாக இருந்தவை

இந்திய மொழிகள் கணினிக்குள் நுழைந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விசைப்பலகை, எழுத்துரு, ஒருங்குறி என்ற வரிசையிலேயே எழுதுகின்றனர். அச்சகத்தாரும் இதழாசிரியர்களும் அரசுத் துறைகளும் அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றனர். பார்வையற்ற வாசகர் இடம்பெறுவதில்லை. இடம்பெற்றாலும் கடைசி அத்தியாயத்தில், யாரோ செய்துவைத்த வசதியின் பயனாளியாக வருகிறார். அவரை முதல் அத்தியாயத்தில் அமர்த்திப் பார்த்தால் வரலாறு வேறொன்றாகத் தெரிகிறது என்பதே இப்பதிவின் வாதம். செவித்திறன் குறைந்தோர், உடலியக்கம் குறைந்தோர் ஆகியோரின் மின்வெளி அணுக்கம் தனித்தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு. இங்கே எழுத்தையும் வாசிப்பையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். (பதிவு நீளும், பொறுத்தருள்க.)

கணினிக்கு வெகு முன்பே தொடங்க வேண்டும். 1887இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் என்ற மிஷனரி பெண்மணி பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே பாளையங்கோட்டை, கல்கத்தா முதலிய இடங்களிலும் பள்ளிகள் தோன்றின. லூயி பிரெய்ல் வகுத்த ஆறு புள்ளிகள் எல்லாப் பள்ளிகளுக்கும் பொது. அப்புள்ளிகளுக்கு இந்திய எழுத்துகளை ஒதுக்கும் முறை பொதுவன்று. கல்கத்தாவில் லால் பிகாரி ஷா ஒரு முறையை வகுத்தார். நோல்ஸ், கார்த்வெய்ட் என்ற இருவர் 'ஓரியண்டல் பிரெய்ல்' என்ற மற்றொன்றை முன்வைத்தனர். பம்பாயில் ஒன்று, மைசூரில் ஒன்று எனப் பட்டியல் நீண்டது. ஒரு பள்ளியில் பொறிக்கப்பட்ட புத்தகம் மறு பள்ளி மாணவரின் விரலுக்குப் பொருளற்ற புள்ளிக் கூட்டம். நூல்கள் மிகக் குறைவாக இருந்த உலகில் அந்தக் குறைந்த நூல்களும் பகிர முடியாதவையாக இருந்தன.

1940களில் அரசுக் குழு ஒன்று 'ஒருசீர் இந்திய பிரெய்ல்' என்ற முறையை உருவாக்கியபோதும் பூசல் ஓயவில்லை. பூசலின் மையம் நுட்பமானது. இந்திய நெடுங்கணக்கின் வரிசைக்கேற்பப் புள்ளிகளைப் புதிதாகப் பங்கிடுவதா, லூயி பிரெய்லின் மூல மதிப்புகளை ஒலி ஒத்துவரும் இடங்களிலெல்லாம் காப்பதா? முதல் வழி தேசிய உணர்வுக்கு உகந்தது. இரண்டாம் வழியோ, ஆங்கிலமும் கற்க வேண்டிய இந்திய மாணவர் ஒரே புள்ளிக்கோலத்துக்கு இரு வேறு மதிப்புகளை மனத்தில் சுமக்க வேண்டாதபடி செய்யும். 1949இல் இந்திய அரசு இவ்வழக்கை யுனெஸ்கோவிடம் கொண்டுசென்றது. அங்கே இப்பொறுப்பை ஏற்றவர் கிளூதா மெக்கன்சி. முதல் உலகப் போரில் கலிப்போலியில் பார்வையிழந்த நியூசிலாந்துக்காரர். 1940களில் டேராடூனில், போரில் பார்வையிழந்த இந்திய வீரர்களுக்கான இல்லத்தைத் தலைமையேற்று நடத்தியவர். பாரிசிலும் பெய்ரூட்டிலும் நடந்த கூட்டங்களுக்குப் பின் 1951இல் பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் டேராடூனில் நடுவண் அரசின் பிரெய்ல் அச்சகமும் நிறுவப்பட்டது.

பாரதி பிரெய்லில் ககரம் 1, 3 ஆகிய இரு புள்ளிகள். தமிழின் ககரம், இந்தியின் ககரம், வங்கத்தின் ககரம் மூன்றும் அதே இரு புள்ளிகள். ஆங்கிலத்தின் 'கே' என்ற எழுத்தும் அதுவே. எழுத்தின் வடிவத்தை அது பொருட்படுத்துவதில்லை. 'கொ' என்று அச்சில் எழுதும்போது ககரத்தின் இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு, வலப்பக்கம் கால் என ஒரே ஒலி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பிரெய்லிலோ முதலில் ககரம், அடுத்து ஒகரம். வாய் உச்சரிக்கும் வரிசையே விரல் தொடும் வரிசை. எழுத்து என்பது வரிவடிவமா ஒலியா என்ற கேள்விக்கு நம் இலக்கண மரபு ஒலி, வரி என இருவகை விடை வைத்திருக்கிறது. பாரதி பிரெய்ல் அவ்விரண்டில் ஒலியைத் தேர்ந்தெடுத்தது. சுதந்திர இந்தியா தன் மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக ஏற்ற முதல் எழுத்துக் குறியாக்கம் இதுவே என்பது என் கணிப்பு. மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்படுவதற்கு ஐந்தாண்டுகள் முன்பே இது நிகழ்ந்திருக்கிறது.

நாற்பதாண்டுகள் கழித்துக் கணினிக்காக எடுக்கப்பட்ட முடிவும் வியப்பூட்டும் அளவுக்கு இதையே ஒத்திருந்தது. கான்பூர் ஐஐடியில் தொடங்கிப் புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஆய்வுகளின் பயனாக 1988இல் 'இஸ்கி' என்னும் குறியாக்கம் உருப்பெற்றது. 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரமாயிற்று. அதிலும் எல்லா இந்திய மொழிகளின் ககரத்துக்கும் ஒரே எண். 1988ஆம் ஆண்டின் இஸ்கியை அடியொற்றியே ஒருங்குறி இந்திய எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியது. 128 இடங்கள் கொண்ட தேவநாகரித் தொகுதியில் ககரம் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறதோ, தமிழ்த் தொகுதியிலும் அதே இடத்தில்தான் அமர்ந்திருக்கிறது. 'கொ' என்பதில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகவே நினைவகத்தில் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் நகர்த்திக் காட்டுவது திரையின் வேலை. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் வாதிடவில்லை. இரண்டும் ஒரே நெடுங்கணக்கு மரபின் பிள்ளைகள். ஆனால் விளைவு ஒன்று: இவ்வகையில் சேமிக்கப்பட்ட எந்த உரையையும் இயந்திரம் பிரெய்லாக மாற்றலாம், பேச்சாகவும் மாற்றலாம். இரண்டுக்கும் தேவையான ஒலிவரிசை உரைக்குள்ளேயே இருக்கிறது.

அப்படியானால் 1990களிலேயே பார்வையற்ற இந்தியர் தம் மொழியில் கணினிவழி வாசித்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. ஏன் நிகழவில்லை என்பதில்தான் இவ்வரலாற்றின் சாரம் இருக்கிறது.

அந்தப் பத்தாண்டு கணினி அச்சுக்கோப்பின் பத்தாண்டு. அச்சகத்துக்கு வேண்டியது தாளில் விழும் வடிவம் மட்டுமே. ஆகவே எழுத்துரு நிறுவனங்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மீது இந்திய எழுத்துகளின் படங்களை ஏற்றின. தமிழின் பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டினால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும். இந்தியின் கிருதி தேவ் எழுத்துருவில் 'பாரத்' என்பது ஹெச், கே, கே, ஜே, ஆர். நிறுவனத்துக்கு நிறுவனம் இவ்வொதுக்கீடு மாறியது. ஓர் எழுத்துருவில் அமைத்த கோப்பை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் குப்பை. பழைய வாடிக்கையாளரை விடாமல் பிடித்துவைத்திருக்க அதுவும் உதவியிருக்கும். இந்தி மாநிலங்களின் அரசுப் பணித் தட்டச்சுத் தேர்வுகளில்கூடக் கிருதி தேவ் நெடுங்காலம் கோலோச்சியது. பிரெய்லுக்கு முன்பிருந்த பாபேல் கோபுரம், இம்முறை பார்வையுள்ளோரின் கைகளால், மீண்டும் எழுந்தது.

ஒரு வேறுபாடு உண்டு. முந்தைய குழப்பத்தைப் பார்வையற்றோர் மட்டும் அனுபவித்தனர். அவர்களுக்குக் கல்வி தந்தவர்கள் அதை உணர்ந்தனர், தீர்க்கவும் முனைந்தனர். இந்தக் குழப்பமோ பார்வையுள்ளோரின் கண்ணில் படவே இல்லை. திரையில் 'தமிழ்' என்றே தெரிந்தது, தாளிலும் 'தமிழ்' என்றே விழுந்தது. உள்ளே இருப்பது தமிழன்று என்பதை அறியக்கூடிய ஒரே வாசகர், உரையைத் திரைவாசிப்பானிடம் கொடுத்துக் காதால் வாசிப்பவர். அவருக்கு அது 'ஜே, கே, பி, ஓ' என்றே கேட்டது.

தமிழ்நாட்டில் இக்குழப்பத்தைத் தீர்க்க எடுத்த முயற்சிகளைப் பலர் விரிவாக எழுதியிருக்கின்றனர்; விரைந்து கடக்கிறேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி அரசு விசைப்பலகையையும் 'டாம்', 'டாப்' குறியாக்கங்களையும் தரப்படுத்தியது. இணைய ஆர்வலர்கள் 'திஸ்கி'யை வளர்த்தனர். 2010இல் அரசு ஒருங்குறியோடு 'டேஸ்16' என்ற குறியாக்கத்தையும் ஏற்றது. தேவநாகரியை அளவுகோலாக வைத்துத் தமிழுக்கு இடம் ஒதுக்கினார்கள், உயிர்மெய் முழு எழுத்தாக மதிக்கப்படவில்லை என்ற தமிழறிஞர்களின் மனக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவ்விவாதக் கட்டுரைகளில் நான் வாசித்தவரை அளவுகோல்கள் சேமிப்பிடம், வரிசைப்படுத்தல், தேடல் என்பவையே. இவ்வெழுத்தைக் காதால் படிப்பவர் எவ்வாறு படிப்பார் என்ற வினா அங்கே இல்லை. டேஸ்16 அமைந்திருப்பது ஒருங்குறியின் தனிப்பயன்பாட்டுப் பகுதியில். அப்பகுதியின் எண்களுக்கு உலகப் பொதுவான பொருள் கிடையாது. ஆதலால் பொதுவான திரைவாசிப்பான் அவற்றை எழுத்தாக அறியாது.

மறுபுறம், பார்வையற்றோரை மனத்தில் கொள்ளாமல் தொடங்கிய முயற்சி ஒன்று அவர்களுக்குப் பெருங்கொடையாயிற்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் இலக்கியங்களை எழுத்தெழுத்தாகத் தட்டினார்கள். அவை பின்னர் திஸ்கிக்கும், அதன்பின் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. தட்டிய உரை என்பதால் மாற்ற முடிந்தது. அதே காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தை மையமாகக் கொண்ட இந்திய மின்னூலகத் திட்டம் பல்லாயிரம் நூல்களைப் பக்கப் படங்களாக வருடிச் சேமித்தது. பாதுகாத்தல் என்ற வகையில் அதன் பயன் மறுக்கவியலாதது. நானே நாள்தோறும் பயன்கொள்பவன். ஆயினும் திரைவாசிப்பானுக்குப் பக்கத்தின் படம் வெற்றுத்தாள். எழுத்துணரி மென்பொருள் இந்திய மொழிகளில் நம்பத்தக்க அளவுக்கு வளர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அது வளர்ந்த பின்னரே தமிழ் விக்கிமூலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் உரைவடிவம் பெறத் தொடங்கின.

வாசிக்கும் கருவியின் கதையும் இங்கே சேர்கிறது. திரைவாசிப்பான்களில் புகழ்பெற்ற 'ஜாஸ்' மாணவர் எளிதில் வாங்கக்கூடிய விலையில் இருந்ததில்லை. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 'என்விடிஏ' என்ற கட்டற்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். பார்வையற்றவரான ஜேம்ஸ் தேவும் அவருடன் இணைந்தார். இந்திய மொழிகளுக்கு முதலில் கிடைத்த குரல் கட்டற்ற 'ஈஸ்பீக்' தந்த உலோகக் குரல். பின்னர் சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி தலைமையில் பல நிறுவனங்கள் கூடி இந்திய மொழிகளுக்கான உரை-பேச்சு மாற்றிகளை உருவாக்கின. கருவி இலவசமாயிற்று, குரலும் கிடைத்தது. எஞ்சியிருந்த தடை உரை மட்டுமே.

உரையைப் பெறுவதற்குச் சட்டமும் குறுக்கே நின்றது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பார்வையற்றோருக்காக நூலை மாற்று வடிவில் ஆக்குவதற்கு விலக்கு ஏதுமில்லை. கல்லூரி விடுதியில் நண்பருக்காக நூலொன்றை வருடிக் கொடுப்பவர் சட்டத்தின் கண்ணில் மீறுபவரே. 2010இல் கொண்டுவரப்பட்ட திருத்த முன்வரைவு விலக்களித்தது. ஆனால் பிரெய்ல் போன்ற, மாற்றுத்திறனாளிகளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட 'தனி வடிவங்களுக்கு' மட்டும். பார்வையற்றோரில் பிரெய்ல் அறிந்தோர் சிறுபான்மையினர். கணினியில் வாசிப்போர் பயன்படுத்துவது எல்லோரும் பயன்படுத்தும் சாதாரண உரைக்கோப்பு. அச்செழுத்தை வாசிக்க இயலாத டிஸ்லெக்சியா உடையோருக்கும் பிரெய்லால் பயனில்லை. இதை எடுத்துரைத்துப் போராடியோரில் சென்னை வழக்கறிஞர் ராகுல் செரியன் முதன்மையானவர். நாடாளுமன்ற நிலைக்குழுவும் அக்கருத்தை ஏற்றது. 2012இன் திருத்தச் சட்டம் 'அணுகத்தக்க எந்த வடிவமும்' என்று விரிந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 27 அன்று மராகேஷ் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. ராகுல் செரியன் அதற்கு நான்கு மாதங்கள் முன்பு, பிப்ரவரியில், மறைந்துவிட்டார். 2014 ஜூனில் அவ்வொப்பந்தத்தை உலகில் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016 ஆகஸ்டில் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகமும் திறக்கப்பட்டது.

இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதன் எல்லையைச் சொல்லியாக வேண்டும். மாற்றிக்கொள்ள அனுமதிப்பது அச்சட்டம். வாசிக்கத்தக்கதாகவே வெளியிடுக என்று பதிப்பாளருக்கு அது ஆணையிடவில்லை. மாற்றும் உழைப்பு முழுவதும் வாசகர் மீதும் அவரைச் சூழ்ந்த தொண்டு அமைப்புகள் மீதும் விழுகிறது. எங்கள் துறையில் பார்வையற்ற ஆய்வு நண்பர் ஒருவருக்காக நூல்களின் அத்தியாயங்களைப் பகிர்ந்துகொண்டு தட்டச்சு செய்திருக்கிறோம். ஒரு நூலை முடிக்க எங்களுக்குப் பருவத்தின் பாதி ஆயிற்று. மற்ற மாணவர் அதை ஒரு வார இறுதியில் படித்துவிட்டு அடுத்த நூலுக்குச் சென்றிருந்தனர்.

வெளியிடுபவர் மீது கடமையைச் சுமத்தும் சட்டம் தனியாக வளர்ந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் சாய்தளம், பேருந்து, சாலை என்று பேசியது. கணினியைப் பற்றிப் பேசவில்லை. 2009இல் அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் வந்தன. வழிகாட்டுதல் என்ற பெயருக்கேற்ப அவை வழியைக் காட்டின. அதில் எத்தனைத் துறைகள் நடந்தன என்பது வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவுதான் மின்வடிவ உள்ளடக்கம் அனைத்தும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற கடமையைத் தெளிவாக எழுதியது. மறு ஆண்டு வந்த விதிகளில் 15ஆம் விதி, இணையதளத்தில் இடப்படும் ஆவணங்கள் மின்னூல் வடிவிலோ எழுத்துணரி வழிப்பட்ட பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்றது.

எழுத்துணரி என்ற சொல் இங்கே ஏன் வர வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஆவணம் கணினியில்தான் தட்டப்படுகிறது. பிறகு தாளில் அச்சிடப்படுகிறது, கையொப்பமும் முத்திரையும் பெறுகிறது, வருடிப் படமாக்கப்பட்டு இணையத்தில் ஏற்றப்படுகிறது. உரையாகப் பிறந்ததைப் படமாக்கி, அப்படத்திலிருந்து மீண்டும் உரையைப் பிழைகளோடு பிரித்தெடுக்கச் சொல்கிறது விதி. மின்கையொப்பத்துக்கு 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே ஏற்பளித்துவிட்டது. ஆகவே இது சட்டத்தின் தேவையன்று. முத்திரை தெரிந்தால்தான் ஆவணம் என்று நம்பும் அலுவலகப் பழக்கம்.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 15ஆம் விதியின் முதல் உட்பிரிவு மூலச் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை, விதி பரிந்துரைகளின் தொகுப்பாகக் கரைத்துவிட்டது என்பது காரணம். கட்டாயமான தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், மின்வெளி அணுக்கம் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் கூறு என்று அதே நீதிமன்றம் கூறியது. வங்கிக் கணக்குத் தொடங்கக் கேமரா முன் கண் சிமிட்ட வேண்டும் என்ற நிபந்தனையை, அமில வீச்சால் கண்ணிமை சிதைந்தோரும் பார்வையற்றோரும் எதிர்த்த வழக்கு அது.

நீதிமன்ற ஆணைகள் இனி வெளியாகும் ஆவணங்களைத் திருத்தக்கூடும். ஏற்கெனவே குவிந்து கிடப்பவை நம் பொறுப்பில் உள்ளவை, குறிப்பாக ஆய்வேடுகள். 2009இன் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளுக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படிகள் சோத்கங்காவில் சேர்கின்றன. இந்திய மொழித் துறைகளின் ஆய்வேடுகளில் எத்தனையோ, வருடிய படங்களாகவோ பழைய எழுத்துருக் கோப்புகளாகவோ அங்கே கிடக்கின்றன. இலக்கியம், வரலாறு, நாட்டாரியல் ஆகியவற்றில் ஆய்வு செய்யும் பார்வையற்ற மாணவர்கள் நம்மிடையே பலர். முன்னாய்வுகளைக் குறிப்பிடவில்லை என்று நேர்காணலில் அவர்களைக் கேட்கும் புறத்தேர்வாளர், அம்முன்னாய்வுகள் எவ்வடிவில் கிடைக்கின்றன என்பதையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

ஆய்வேட்டை ஒப்படைக்கவிருக்கும் நண்பர்கள் அரை நிமிடத்தில் சோதித்துக்கொள்ள வழியுண்டு. பிடிஎஃப் கோப்பில் ஒரு வரியைத் தெரிவுசெய்து, வெறும் உரை எழுதும் செயலி ஒன்றில் ஒட்டுங்கள். தெரிவுசெய்யவே முடியாவிட்டால் அது படம். ஒட்டியபின் ஆங்கில எழுத்துகள் வந்தால் பழைய எழுத்துரு. அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. தமிழாக வந்தாலும் 'கௌரவம்' போன்ற சொற்களை ஒருமுறை தேடிப் பாருங்கள். ஔகாரக் குறிக்கு மாற்றாகக் கொம்பையும் ளகரத்தையும் தட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். திரைவாசிப்பான் மட்டும் அதைக் 'கெ-ள-ரவம்' என்று உரக்கப் படிக்கும்.